ஜப்பார் ஏழு எண்ணும் வரை நின்றான்

தென்காசியில் ஜப்பார் பேச்சு வந்தால் இன்றைக்கும் எவனாவது ஒருவன் கேட்பான், "கள்ளைக் குடிச்சிட்டுக் கம்பியில ஏறுனாம்லா, அவன்தான?" பதினாறு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காப்பிக் கடையில் கேட்டிருக்கிறேன். சந்தையில் கேட்டிருக்கிறேன். அவனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்கு மையவாடி வாசலிலேயே கேட்டேன். அப்துல் ஜப்பார் ஆயுளில் ஒரு சொட்டுக் கள் குடித்தவன் இல்லை. பண்ணையார் ஒருத்தர் போகிற போக்கில் சொன்ன பொய் அது. அது பொய் என்று தெரிந்த ஆள் நான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த ஆளும் நான்தான். பண்ணையார் போன தை மாதம் செத்துப்போனார். அதனால் இப்போது எழுதுகிறேன்.

ஜப்பார் வீட்டில் ஒரு குழித்தறி. வாப்பா இல்லை. அவனும் அவன் உம்மா ஹாஜரா பீவியும் நெய்து சாப்பிட்டார்கள். எங்கள் வீடு அடுத்த தெரு. எங்களுக்குச் செக்கு இருந்தது. சீசன் மாதங்களில் நான் குற்றாலத்துக்குப் போய் அருவிக்கு வருகிற பெரிய மனுஷர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். மற்ற மாதம் செக்கடியில் கிடப்பேன்.

எங்களுக்குப் பதினாலு வயசு இருக்கும்போது ரயிலடிப் பக்கம் ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டது. அதில் ஒருவன் இரும்புக் கம்பியில் தொங்கிச் சக்கரம் மாதிரிச் சுற்றினான். ஜப்பார் மூன்று நாள் போய்ப் பார்த்தான். நாலாம் நாள் என்னிடம் வந்து, "ஒரு இரும்புக் குழா வேணும்லே" என்றான். உடைந்த தண்ணீர்ப் பம்பிலிருந்து குழாயைக் கழற்றினோம். செக்கடிக்குப் பின்னால் இரண்டு பனங்கட்டையை நட்டுக் கட்டினோம். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. அவன் ஏறுவான், நான் கீழே நின்று பிடிப்பேன். பிடிக்கத் தெரியாமல் என் முன்பல் ஒன்று அவன் முழங்காலில் போனது.

தறிக்கு மெத்தென்ற கை வேண்டும். கம்பியோ கையைக் காய்க்கப் பண்ணும். அவன் உள்ளங்கையில் நூல் மாட்டி மாட்டி அறுந்தது.

"இது கையா, அரமாலே?" என்று ஹாஜரா பீவி ஏசுவாள். "பாவு பூரா முடிச்சாக் கெடக்கு. ரெண்டுல ஒண்ண வுடு."

"அப்போ தறியத்தான் வுடணும், உம்மா."

"வுட்டுட்டுக் கம்பியத் தின்னு."

கம்பியைத் தின்னாவிட்டாலும் அவன் சோற்றையும் தின்னவில்லை. உடம்பு கனத்தால் சுற்று வராது என்று ஒரு வேளைதான் சாப்பிடுவான். நோன்பு மாதம் மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிடுகிறான் என்று நாங்கள் கேலி பண்ணுவோம்.

1929-இல் பாளையங்கோட்டையில் முதல் கம்பிப் போட்டி. மூன்றாவதாக வந்தான். இறங்கினதும் நடுவருக்குக் கும்பிடு போடவேண்டுமாம், எங்களுக்குத் தெரியாது. அதற்கு மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் இரண்டாவது. 1931-இல் குற்றாலம் சீசன் போட்டியில் முதலாவது. பிறகு மதுரையில் ஒரு போட்டி. முதல் நாள் பழகும்போது கட்டைவிரல் உடைந்துவிட்டது. தறி நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினான். ஜெயித்துவிட்டு இறங்கிக் கும்பிடு போட்ட கையில் விரல் மட்டும் ஒரு பக்கமாக நின்றது.

குற்றாலம் போட்டிக்குக் கேடயம் கொடுத்தவர் சிவனணைந்தபெருமாள் பண்ணையார். அருவிக்குப் பக்கத்தில் அவருக்குப் பங்களா. பள்ளிக்கூடக் கமிட்டியிலும் அவர் சொன்னதுதான் நடக்கும். 1932-இலும் ஜப்பார் ஜெயித்தபோது அவனைக் கூப்பிட்டு, "மூணாவது வருசமும் அடிச்சிட்டேன்னா கேடயம் ஒனக்கே சொந்தம். நம்ம பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டர் வேலையும் ஒனக்குத்தான்" என்றார். கூட்டத்துக்கு முன்னால் சொன்னார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்பே, சேலையில் முடிச்சு அதிகம் என்று நூல் கொடுக்கிற முதலாளி நூலை நிறுத்திவிட்டார். தறிக்குழியில் பூனை குட்டி போட்டது. வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. மூன்றாவது தரமும் கேடயம் கிடைத்தால் டிரில் மாஸ்டர். கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை. உம்மாவும் இப்போது ஏசுவதை நிறுத்திவிட்டு, கஞ்சியை அவனுக்கு முதலில் ஊற்றினாள்.

1933 ஆடி மாதம். போட்டிக்கு மூன்று நாள் முன்பிருந்தே ஜப்பார் தலைக்குக்கூட எண்ணெய் வைக்கமாட்டான். அது எங்கள் வழக்கம். என்னையும் கிட்டே சேர்க்கமாட்டான். "தள்ளி நில்லுலே, ஒம் மேலெல்லாம் எண்ணெ" என்பான். சலித்த சாம்பலை ஒரு டப்பாவில் வைத்திருப்போம். கையில் அதைத் தடவிக்கொண்டுதான் ஏறுவான்.

அன்று காலையில் பங்களா முற்றத்தில் பண்ணையார் வந்து நின்றார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சீசனில் தன் வாசலுக்கு வந்த ஆள் எவனும் எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்காமல் பந்தியில் உட்காரக்கூடாது. போட்டிக்கு வந்திருந்த பாளையங்கோட்டைப் பையன்களையும் கூப்பிட்டார். அவர்களோடு வந்த மாஸ்டர் படித்த மனுஷர். "மன்னிக்கணும், போட்டி முடிஞ்ச பொறவுதான் எங்க பையங்க குளிப்பாங்க" என்று சொல்லிவிட்டார். பண்ணையாருக்கு முகம் சுருங்கிப்போனது. திரும்பி ஜப்பாரைப் பார்த்தார்.

"அவன் அசலூர்க்காரன். நீயுமா காஞ்ச தலையோட நிக்கே? குத்தாலத்துக்கு வந்துட்டு எண்ணெ வேண்டாங்கியா?"

ஜப்பார் என்னைப் பார்த்தான். மத்தியானம் மார்க் போடப்போவது இவர். வேலை கொடுக்கப்போவதும் இவர். அவனுக்கு எப்படி மாட்டேன் என்று சொல்ல வரும்?

நான்தான் சொன்னேன். "ஒக்காரு மாப்ள. அரப்புப் போட்டு நானே உருவி வுடுதேன். ஒரு பொட்டு எண்ணெ நிக்காது."

"நெசமாவாலே?"

"பத்து வருசமா இதத்தான பண்ணுதேன்."

நல்லெண்ணெய் தேய்த்தேன். பண்ணையார் பார்த்துக்கொண்டு நின்றதால் குறைக்க முடியவில்லை. தலை, தோள், முதுகு எல்லாம் தேய்த்தேன். பிறகு அருவிக்கரையில் வைத்து அரப்பும் சாம்பலும் போட்டுத் தோல் சிவக்கச் சிவக்க உரசினேன். அவன் கையை என் மூக்கில் வைத்துப் பார்த்தேன். வாடையே இல்லை.

மத்தியானம் சாரல் கொஞ்சம் விட்டது. பந்தலுக்கு அடியில் கம்பி. ஜப்பார் சுற்றினான். அவன் உடம்பு நேராக நீண்டு கம்பியைச் சுற்றி வந்தது. நாலு சுற்று, ஐந்து சுற்று. கை வழுக்கவில்லை. நான் மூச்சு விட்டேன். கடைசியாகக் கம்பியின் மேல் தலைகீழாக நிற்கவேண்டும். நடுவர் பத்து எண்ணும் வரை அசையக்கூடாது. பிடிக்கிற ஆள் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். போனேன். பண்ணையார் எண்ண ஆரம்பித்தார்.

கம்பியில் தொங்கும்போது வேர்வை கையிலிருந்து தோளுக்கு வடியும். தலைகீழாக நிற்கும்போது தோளிலிருந்து கைக்கு வடியும். இதை நானும் யோசிக்கவில்லை, அவனும் யோசிக்கவில்லை. தோளிலும் கக்கத்திலும் மயிர்க்காலுக்குள் நின்ற எண்ணெய் வேர்வையோடு சேர்ந்து இறங்கியது. ஐந்து எண்ணும்போது அவன் முழங்கைக்குக் கீழே மினுங்கியதைப் பார்த்தேன்.

"எறங்குலே" என்று கத்தினேன்.

அவன் இறங்கவில்லை. விரலை மாற்றி மாற்றி இறுக்கினான். ஆறு. ஏழு. பண்ணையார் நிதானமாக எண்ணுகிற ஆள். எட்டு வருவதற்குள் வலது கை வழுக்கியது. முதுகு கம்பியில் அடித்து, தலை முன்னால் வர, ஆள் மிதித்து இறுகிப்போன மண்ணில் விழுந்தான். கோட்டைத் தாண்டி நான் ஓடுவதற்குள் முடிந்துவிட்டது.

"கால் எங்கலே கெடக்கு?" என்று கேட்டான். நான் அப்போது அவன் காலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விருந்தாளிகள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பண்ணையார், "காலையிலேயே கள்ளுக் குடிச்சிருப்பான், வேற என்ன" என்றார். பொழுது சாய்வதற்குள் அது தென்காசிக்கு வந்துவிட்டது. கேடயம் பாளையங்கோட்டைக்குப் போனது.

பள்ளிவாசலில் ஜமாஅத்தார் ஹாஜரா பீவியிடம் விசாரித்தார்கள். அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். "மணி, நீ கூடத்தான இருந்த. ஒரு வார்த்த வந்து சொல்லிட்டுப் போ" என்றாள்.

"சீசன் வேல கெடக்கு உம்மா. வாரேன்" என்றேன். நான் போகவில்லை. பண்ணையார் பங்களாவில்தான் எனக்கு வேலை.

ஜப்பாருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வரவே இல்லை. செங்கோட்டையிலிருந்து ஒரு வைத்தியர் வந்து பார்த்தார். தினம் தைலம் தேய்த்து உருவினால் ஒருவேளை கால் திரும்பலாம் என்றார். ஹாஜரா பீவி என்னைப் பார்த்தாள். நான் துண்டை இடுப்பில் கட்டினேன்.

"வேண்டாம்" என்றான் ஜப்பார்.

"நானில்லன்னா வேற ஆளு..."

"எவனும் வேண்டாம். எண்ணெ வாட ஆவாது எனக்கு."

அதோடு சரி. எட்டு வருஷம் அவன் உடம்பில் எண்ணெய் படவில்லை. தலைமயிர் செம்பட்டையாகி ஒட்டிப்போனது. நான் வாரத்துக்கு இரண்டு தரம் போவேன். செக்கடியிலிருந்து போனால் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு போவேன். உம்மா தான் மட்டும் நெய்வதாகச் சொல்லி நூல் வாங்கித் தறியில் மறுபடியும் உட்கார்ந்தாள். அவன் படுத்தபடியே அவளுக்குக் குச்சியில் நூலேற்றித் தார் சுற்றிக்கொடுத்தான். ஒரு வருஷத்தில் கையில் காய்ப்பெல்லாம் உதிர்ந்துவிட்டது. நூல் அவன் கையில் மாட்டவே இல்லை.

மூன்றாம் வருஷம் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "ஊர்ல சொல்லிரட்டுமாலே? நாந்தான் தேச்சேன்னு."

அவன் தாரைச் சுற்றிக்கொண்டே சொன்னான். "பண்ணையாரு செத்த பொறவு சொல்லு. இப்பம் சொன்னா ஒந் தறியும் நின்னுரும்."

"எனக்கு ஏதுலே தறி?"

"அதான். இல்லாத தறி நின்னா இன்னும் கஷ்டம்" என்று சிரித்தான். விழுந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

1941 ஐப்பசியில் முதுகுப் புண் பெருத்துக் காய்ச்சல் கண்டது. அடைமழை. நான் போனபோது ஹாஜரா பீவி வெளியே தண்ணீர் காய வைத்துக்கொண்டிருந்தாள். "ராத்திரி பூரா எண்ணிக்கிட்டே கெடந்தான். ஏழுக்கு மேல போகமாட்டேங்கான்" என்றாள்.

உள்ளே போனேன். செக்கடியிலிருந்து நேரே வந்திருந்தேன், குளிக்கவில்லை. அது பாதி வழியில்தான் நினைவு வந்தது. அதனால் கதவுப் பக்கமே நின்றேன்.

"கிட்ட வா" என்றான்.

"மேலெல்லாம் எண்ணெடே."

"தெரியுது. வாடை வருது. கொண்டாந்திருக்கியா?"

"என்னத்த?"

"எண்ணெதான். தேச்சு வுடு. தோலெல்லாம் காஞ்சு வலிக்கி."

செக்கடிக்கு ஓடி ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தேன். ஹாஜரா பீவி விளக்கை நகர்த்தி வைத்தாள். தலையில் தேய்த்தேன். தோளில் தேய்த்தேன். தோளில் எலும்புதான் இருந்தது. காலில் தேய்க்கும்போது அவனுக்குத் தெரியவில்லை, நானாகச் சொன்னேன். கையில் மணிக்கட்டு வரைக்கும் தேய்த்துவிட்டு நிறுத்தினேன். அதற்குக் கீழே என் விரல் போகவில்லை. பழைய பழக்கம்.

அவன் கையைத் திருப்பி எனக்கு முன்னால் விரித்து வைத்தான்.

"உள்ளங்கையிலயும் தேயி மாப்ள. இனி எங்க ஏறப் போறேன்."