கத்தினால்தான் டெல்லிக்குக் கேட்கும்

எழுபதுகளின் பிற்பகுதியில், தூத்துக்குடி துறைமுக வளாகத்தில் செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்றைச் சோதனைக்காக வைத்திருந்தார்கள். பெரிய கிண்ணம்போல ஓர் ஆண்டெனா, பக்கத்தில் ஒரு வண்டி, அதற்குள் கருவிகள், பொறியாளராக நான். சோதனை தேறினால் நிலையம் இங்கேயே நிலைக்கும். நானும் சொந்த ஊரான நாசரேத்திலிருந்தே வேலைக்கு வந்துபோகலாம். தேறாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே போக வேண்டியதுதான்.

என் முக்கிய வேலை பண்பேற்ற அளவைச் சரியாக வைப்பது. அதாவது, பேசுகிறவரின் குரல் வானலையை எவ்வளவு அசைக்கலாம் என்ற கணக்கு. அதிகமானால் மறுமுனையில் குரல் கிழியும். குறைந்தால் இரைச்சலில் அமுங்கும். தினமும் காலையில் சீரான ஓர் ஒலியைச் செலுத்தி, திரையைப் பார்த்தபடி குமிழைத் திருகி அளவைக் கூட்டுவேன். நடுவில் நிற்கும் கோடு குறுகிக் குறுகி ஓரிடத்தில் காணாமல் போகும். அதுதான் சரியான அளவு. வெக்கையில் அந்த இடம் தினமும் நகரும்; நானும் விடாமல் பிடித்துவிடுவேன்.

அதற்குப் பிறகு துறைமுக அதிகாரி டெல்லி அலுவலகத்தோடு பேசிப் பார்க்க வருவார். வெளியூருக்கு டிரங்க் காலில் தொண்டை கிழியக் கத்திப் பழகியவர். அவர் "ஹலோ!" என்றால் வண்டியே அதிரும். குரல் வானுக்குப் போய் இறங்கக் கொஞ்சம் தாமதமாகும். பதில் வராத அந்த நொடியில் இன்னும் கத்துவார். டெல்லியில் வெறும் கரகரப்புதான் கேட்கும்.

"சார், பக்கத்துல இருக்கவங்ககிட்ட பேசுத மாதிரி பேசுங்க."

"என்னம்மா சொல்லுத? டெல்லி என்ன இந்தா பக்கத்துல முத்தையாபுரத்துலயா இருக்கு?"

பல்லைக் கடித்துக்கொள்வேன். அவரோ மெஷின் சரியில்லை என்று என் மேலதிகாரியிடம் புகார் சொல்லிவிட்டார். பேசுகிறவருக்குத் தக்கபடி குறைத்துவை என்று எனக்கு உத்தரவு வந்தது. அளவு சரியாகத்தான் இருக்கிறது என்று மன்றாடினேன். யார் காதில் ஏறியது? குறைத்தேன். அவருடைய கத்தல் டெல்லியில் தெளிவாகக் கேட்டது.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சோதனையை முடித்துவைக்க மேலதிகாரியே வந்தார். குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். ஓடுகிறதை நோண்டாதே என்றார். பிறகு ரிசீவரை எடுத்து, தேவாலயத்துக்குள் பேசுவதுபோல மெல்லிய ஆங்கிலத்தில் பேசினார். டெல்லியில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பண்பேற்றம் போதவில்லை, அளவிட்டவருக்குப் பயிற்சி போதாது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். வண்டி கிளம்பியது, நானும் பெட்டியைக் கட்டினேன்.

வழியனுப்ப வந்த துறைமுக அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"ஒங்க பெரியவரு கொஞ்சம் கத்திப் பேசியிருக்கலாம்லாம்மா?"