இடது நெற்றிப்பொட்டில் ஒரு கருப்பு

ஐந்தாவது படமும் அப்படியேதான் வந்தது. மூளை முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டிய எம்.ஆர்.ஐ. படம், இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் மட்டும் கருத்துக் கிடந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு அழலாமா என்று யோசித்தேன்.

அண்ணிக்குக் கால் எலும்பு முறிந்திருந்ததால் உதவிக்குப் போடியில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். நான் வேலை செய்யும் ஆய்வகமும் ஸ்கேனரும் வெளிநாட்டில் இருந்தன. மாடியறையிலிருந்து நான் கணக்குப் போட்டு அனுப்ப, அங்கே சக ஆய்வாளர் ஒருவர் தன்னார்வலர்களைப் படுக்கவைத்துப் படம் எடுப்பார்.

காந்தத்தின் பலம் கூடினால் படம் நுணுக்கமாகும். ஆனால் ரேடியோ அலை தலைக்குள் ஒரே அளவாகப் பரவாது. நடுவில் தூக்கலாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருக்கும். படம் பார்க்க அழகாக இருந்தால் மட்டும் எங்களுக்குப் போதாது. ஒவ்வொரு புள்ளியிலும் திசுவின் தன்மையைக் காட்டும் ஓர் எண்ணை அளக்கிறோம். அலை தப்பினால் எண்ணும் தப்பும். நல்ல திசு நோயுற்றதுபோலத் தெரியும். அதனால் தலையைச் சுற்றியுள்ள எட்டு ஆன்டெனாக்களும் எந்தக் கணத்தில் எவ்வளவு பலத்தோடு துடிக்க வேண்டும் என்று வடிவமைப்பதே என் வேலை. தலை சூடாகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணினியில் நான் வடிவமைத்த ரேடியோத் துடிப்பு குறையில்லாமல் இருந்தது. ஸ்கேனரில் போட்டால் கருப்பு. முதலில் தன்னார்வலரின் மண்டை அமைப்பைக் குறை சொன்னேன். பிறகு சக ஆய்வாளரிடம், தலையை நேராக வைக்கத் தெரியாதா என்று வீடியோவிலேயே கத்தினேன். மறு கணக்கு முடியும் நேரத்தில் கரண்டு போனது. மின்வாரியத்தையும் திட்டினேன்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள்களை ஜீப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிய அண்ணன், என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்தான். திரையைக் குனிந்து பார்த்தான்.

“யாரு தலை தாயி இது?”

“அஞ்சு பேரோடதுண்ணே.”

“அஞ்சு பேருக்கும் ஒரே எடத்துலயா கருப்பு?”

“ஆமா.”

“அப்ப அவுக தலையில என்ன கோளாறு? நீ அனுப்புறதுல பாரு.”

“ஒனக்கு என்னண்ணே தெரியும்?”

“தெரியாதுதான். ஜீப்பு எந்த ரோட்டுல போனாலும் இடது பக்கமா இழுத்தா, நான் ரோட்டையா வைவேன்? வெரசா வா, சோறு ஆறுது.”

எரிச்சலோடு சாப்பிட்டேன். எரிச்சலோடுதான் பழைய மின்னஞ்சல்களையும் புரட்டினேன். ஆன்டெனாவைப் பழுது பார்த்தபோது இடப்பக்கத்தின் மூன்றாவது, நான்காவது இணைப்புகள் இடம் மாறிவிட்டதாகச் சக ஆய்வாளர் எழுதியிருந்தார். ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று நானே பதில் போட்டிருந்தேன். கணக்கில் மாற்றத்தான் மறந்திருந்தேன்.

சூடு வரம்பைத் தாண்டவில்லை என்று ஐந்து பேரின் பதிவுகளிலும் சரிபார்த்த பிறகே மூச்சு வந்தது. இணைப்பு வரிசையைத் திருத்திப் புதுக் கணக்கை அனுப்பி, மன்னிப்புக் கேட்டு எழுதினேன். “நல்லவேளை, தலையை நேராகத்தான் வைத்திருக்கிறேன்” என்று மட்டும் பதில் வந்தது. அது இன்னும் சுட்டது.

மறுநாள் வந்த ஆறாவது படத்தில் கருப்பு இல்லை. இரண்டு பக்க எண்களும் ஒத்துப்போயின. கீழே சிறுமூளைப் பக்கம் மட்டும் இன்னும் மங்கல்.

“சரியாப்போச்சா?” என்றான் அண்ணன்.

“முக்காவாசி.”

“மீதி?”

“இனிமேதான்.”

அவன் ஜீப்பைக் கழுவப் போய்விட்டான். நான் எட்டு ஆன்டெனாக்களையும் ஒரு தாளில் வரைந்து, எண் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, சிறுமூளைக்கான கணக்கைத் தொடங்கினேன்.