கணவாய் மணத்த ஐஸ்பழம்

ஆகஸ்ட் லீவுக்கு இரண்டு கிழமை பிள்ளைகளை வைத்திருக்க ஏலுமா என்று தம்பி கேட்டபோது, ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். அவன் மனைவிக்கு மூன்றாவது பிள்ளை வயிற்றில், ஏழு மாதம். பிரஷர் கூடிவிட்டது, கட்டிலை விட்டு எழும்பக்கூடாது என்று வவுனியாவில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு பேர் வீட்டுக்குள் ஓடித் திரிந்தால் எந்தத் தாயால் படுத்திருக்க முடியும்? எனக்கு நாற்பத்தாறு வயது, கலியாணம் இல்லை, திருகோணமலை டவுனுக்குள் அரசாங்கக் கந்தோரில் வேலை, எடுக்காத லீவு எக்கச்சக்கம். பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் சத்தம் போடுவார்கள் என்பது மட்டும்தான்.

பஸ் நிலையத்தில் தம்பி பிள்ளைகளை இறக்கிவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்ப அவசரப்பட்டான். மூத்தவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. அவள் தகப்பனின் காற்சட்டையைப் பிடித்தபடி நின்றாள். நான் அவள் கன்னத்தைக் கிள்ளி, "அப்பா உங்களை எனக்குத் தந்திட்டார். இனி நீங்கள் மாமின்ர பிள்ளை" என்றேன். எங்கள் ஆட்களுக்குப் பிள்ளைகளைக் கண்டால் வாயில் வருகிற முதல் கதை இதுதான். மீன் விற்கிறவர்கூட, இந்தப் பிள்ளையை என்னட்டை விட்டிட்டுப் போறீங்களோ என்று கேட்பார். பிள்ளை முழிக்கும், பெரியவர்கள் சிரிப்பார்கள். தம்பியும் சிரித்தான், மூத்தவனும் சிரித்தான். சின்னவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

அரைகுறையாக ஒன்றைச் செய்வது எனக்குப் பிடிக்காது. பிள்ளைகளை எப்படிச் சந்தோசமாக வைத்திருப்பது என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதியே வைத்திருந்தேன். முதல் நாள் பழைய யோகட் கோப்பைகளைக் கப்பலாக்கி, உடுப்புத் தோய்க்கிற பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பித் துறைமுகம் கட்டினோம். அடுத்த நாள் பட்டம். மேற்கே இருந்து வீசுகிற கச்சான் காற்று சுட்டெரித்தாலும் பட்டத்துக்கு அதைவிட நல்ல காற்றுக் கிடையாது. பசை காயட்டும் என்று பட்டத்தைப் படலையடியில் சாத்திவைத்தோம். எங்கள் டவுனில் மாடுகளைப்போல றோட்டில் திரிகிற மான்களில் ஒன்று தலையை உள்ளே நீட்டி வால் முழுவதையும் தின்றுவிட்டுப் போனது. நான் விளக்குமாற்றோடு மானைத் துரத்த, மூத்தவன் நிலத்தில் விழுந்து சிரித்தான்.

சின்னவள் சிரிக்கவில்லை. குசினி வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். கூப்பிட்டால், "எனக்கு வேண்டாம்" என்பாள். அழவும் இல்லை, குழப்படியும் இல்லை. அழுதிருந்தால்கூட என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும்.

சாப்பாடு அதைவிட மோசம். சோற்றில் இரண்டு வாய், அதற்கு மேல் அசைய மாட்டாள். பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து தந்த பனம்பழத்தைப் பிசைந்து, முழங்கை வரைக்கும் மஞ்சளாகி, பணியாரம் சுட்டேன். மூத்தவன் நின்ற நிலையில் எட்டுத் தின்றான். அவள் ஒன்றைக் கையில் எடுத்து, மூக்கில் வைத்து மணந்து பார்த்து, திரும்பக் கோப்பையில் வைத்தாள். விளாம்பழத்துக்குச் சர்க்கரை போட்டுக் குழைத்துக் கொடுத்தேன். அதையும் தொடவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபத்தை நினைத்து வெட்கம் வந்தது.

பின்னேரம் பின்னேரம் தம்பி போன் எடுப்பான். மாமி வீடு பிடிச்சிருக்கோ என்று கேட்பான். மூத்தவன் பிடிச்சிருக்கு என்று கத்துவான். சின்னவள் ஒன்றும் சொல்லாமல் போனை என்னிடம் நீட்டிவிடுவாள். தாயின் குரலைக் கேட்டால் இங்கே இவள் அழுவாள், அங்கே அவள் அழுவாள் என்று தாயைப் போனுக்குக் கூப்பிடுவதில்லை என்று நானும் தம்பியும் பேசி வைத்திருந்தோம். பிள்ளை சாப்பிடவில்லை என்று மச்சாளுக்குத் தெரிந்தால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். ஆகவே எல்லாம் நல்லாயிருக்கு என்று நாளாந்தம் பொய் சொன்னேன். நாலாம் நாள் அவளுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இன்னும் இரண்டு நாள் பார்ப்பது, இல்லாவிட்டால் தம்பியிடம் உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்தேன்.

கடைசி ஆயுதமாக ஐஸ்பழம் செய்தேன். ஐஸ்பழம் வேண்டாமென்று சொல்லுகிற பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. மாம்பழச் சாற்றைச் சின்னக் கோப்பைகளில் ஊற்றிக் குச்சி குத்தினோம். என் பிரிட்ஜில் ஐஸ் பிடிக்காது, தண்ணீர் குளிர்வதே பெரிய காரியம். பக்கத்து வீட்டில் பெரிய பிறீசர் இருக்கிறது. அக்காவின் புருசன் கடலுக்குப் போகிறவர். அங்கே கொண்டுபோய் வைத்தேன். அடுத்த நாள் எடுத்துக் கொடுத்தபோது மூத்தவன் ஒரு நக்கு நக்கிவிட்டு, வாயைத் திறந்தபடியே நின்றான். தூண்டிலுக்கு இரையாகப் போடுகிற கணவாய் முழுவதும் அந்தப் பிறீசருக்குள்தான் கிடந்திருக்கிறது. மாம்பழத்தோடு கணவாய் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம் கேட்கலாம்.

அக்கா வெட்கப்பட்டுப் போனா. வள்ளத்துக்கு எடுத்த ஐஸில் நல்ல கட்டி ஒன்றைக் கழுவி, ஐஸ் உருகாத வெள்ளை றெஜிபோம் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன், உப்பைப் போட்டு ஐஸ்கிரீம் செய்யலாம் என்றா. போகிற போக்கில் சின்னவளின் தலையைத் தடவி, இனி இங்கேதான் பள்ளிக்கூடமோ என்று கேட்டா. நானும் விடவில்லை. ஓம், லீவு முடியச் சேர்க்கப் போகிறேன் என்றேன்.

பின்னேரம் ஐஸை உடைத்து ஒரு மூடி வாளிக்குள் நிரப்பி, கல்லுப்பைக் கை நிறைய அள்ளிப் போட்டோம். பாலும் இனிப்பான ரின்பாலும் மாம்பழமும் கலந்து ஒரு பால்மா டின்னில் ஊற்றி, மூடியை இறுக்கிக் கட்டி, ஐஸுக்குள் புதைத்தோம். பிறகு வாளியை நிலத்தில் படுக்கப்போட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் உருட்ட வேண்டும், அரை மணித்தியாலம் விடாமல். மூத்தவன் பத்து நிமிசத்தில் களைத்து மூத்திரம் பெய்யப் போனவன் திரும்பி வரவேயில்லை. தனியாக உருட்டி நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துச் சின்னவள் படியிலிருந்து இறங்கி வந்து எதிரில் இருந்தாள். ஐந்து நாளில் அவள் என்னோடு சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். நான் வாளியை மெல்ல அவள் பக்கம் உருட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாமி, பாப்பா பிறந்தாப் பிறகும் நாங்கள் இஞ்சதானோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஏன் அப்படிக் கேட்கிறாள் என்றேன்.

"அப்பா தந்திட்டார் எண்டு சொன்னனீங்கள். பிடிச்சிருக்கெண்டு சொன்னா கூட்டிக்கொண்டு போக மாட்டார்."

வாளி என் கையில் நின்றுவிட்டது. அதுதான் அவள் எதையும் தொடாமல் இருந்திருக்கிறாள். பணியாரம் ருசித்தால் பிடித்துவிடும், பிடித்தால் இங்கேயே விட்டுவிடுவார்கள். ஆறு வயதுப் பிள்ளை ஐந்து நாளாக வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ நாளுக்கொரு இனிப்போடு அவளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தேன். போதாதென்று காலையில் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டேன்.

அது பகிடி, சும்மா சிரிக்கச் சொன்னது என்றேன். பெரிய ஆட்கள் யோசிக்காமல் விடுகிற விசர்ப் பகிடி என்றேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என் சொல்லை இனி அவள் ஏன் நம்ப வேண்டும்? தம்பியோடு பேசி வைத்ததைத் தூக்கி எறிந்துவிட்டு நேரே மச்சாளுக்குப் போன் எடுத்தேன். நடந்ததை நாலு வசனத்தில் சொல்லி, போனைச் சின்னவளின் காதில் வைத்தேன். தாய் என்ன சொன்னாளோ தெரியாது. அவள் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, தன் கட்டிலில் பாப்பாவைப் படுக்க வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் மச்சாள் சிரிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது.

ஐஸ்கிரீம் அரைவாசிதான் இறுகியிருந்தது. ஓரத்தில் உப்பும் கொஞ்சம் ஏறியிருந்தது. அவள் மூன்று கோப்பை குடித்தாள். குடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மணம் பிடித்து ஓடிவந்த மூத்தவனுக்கு டின்னை வழிக்கத்தான் கிடைத்தது. அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. அதற்குப் பிறகு சின்னவள், அன்று காலையில் திரும்பச் சுட்டு மீந்திருந்த பணியாரத்தையும் தேடிப் பிடித்துத் தின்றாள். வயிற்றுக்குள் ஏதும் செய்யுமோ என்று நான்தான் தடுத்தேன்.

கிணற்றடிப் பைப்பில் அவளுடைய பிசுக்குப் பிடித்த கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பகிடி எண்டா எல்லாரும் சிரிப்பினம். அப்பா சிரிச்சவர், அண்ணா சிரிச்சவன். நீங்கள் சிரிக்கேல்லையே, மாமி."

கந்தோரில் என்னைக் கதையில் மடக்க ஆளில்லை என்று எனக்கொரு பெயர் உண்டு. இந்த ஆறு வயதுக்காரி மடக்கிவிட்டாள். நான் சிரிக்கவில்லைதான். பஸ் நிலையத்தில் அந்தச் சொல் வாயை விட்டுப் போனதும், அது உண்மையாக இருந்தால் என்ன என்று ஒரு ஆசை எனக்குள் எழும்பியது. அதை நான் எனக்கே சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். அவள் மட்டும் கண்டுவிட்டாள். ஒரு பொய்யால் ஐந்து நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு இன்னொரு பொய்யைக் கொடுக்க மனம் வரவில்லை.

"ஓம், சிரிக்கேல்லை" என்றேன். "எனக்கு உங்களை வச்சிருக்க விருப்பம். ஆனா ஏலாது. நீங்கள் அம்மான்ர பிள்ளை."

அவள் சரி என்று தலையாட்டினாள். ஈரக் கை இரண்டையும் என் சட்டையில் துடைத்துவிட்டு, அண்ணனிடம் ஓடினாள். பைப் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை அதற்குப் பிறகுதான் கண்டு மூடினேன்.