மீனுக்கு அன்னதானம்

கனடா, லண்டன் போனவர்கள் எழுதும் கட்டுரைகளை வாசித்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. நான் புலம்பெயர்ந்தது யாழ்ப்பாணத்துக் கடற்கரையிலிருந்து மலையகத்து டயகமத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் வரைதான், விஞ்ஞான வாத்தியார். விசா கேட்கவில்லை, ஸ்வெட்டர் மட்டும் கேட்டது. ஆனாலும் வெளிநாடுதான். காலையில் கதவைத் திறந்தால் மேகம் அனுமதி கேளாமல் குசினிக்குள் வந்து நிற்கும். கடல்மீன் லொறியில் வரும், ஐஸுக்குள் புதைந்து, ஊரை மறந்த முகத்தோடு.

தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துக்குக் கீழேயுள்ள பழைய குளத்தில் ராஜேஸ்வரி கெண்டைக் குஞ்சு விட்டபோது நான் ஆலோசகரானேன். கொழுந்து பறித்தே முழங்கால் தேய்ந்தவர். மீன் நன்றாக வளர்ந்தால் மலையேறாமல் பிழைக்கலாம் என்பது அவர் நினைப்பு. "நீங்க கடல்கரையில பொறந்தவரு சார், பாத்துக்கங்க" என்றார். கடலில் மீன் குறையக் குறைய உலகமே மீனை ஆடுமாடு போல வளர்த்துத் தின்னத் தொடங்கிவிட்டது என்று நானும் பிரசங்கம் வைத்தேன். எனக்குத் தெரிந்த மீனோ கரைக்கு வரும்போதே செத்திருக்கும். படகு நிறையச் செத்த மீன் என்றால் எங்கள் ஊருக்கே கொண்டாட்டம். மீன் பிழைத்துக் கிடக்கவேண்டுமென்று அங்கே எவரும் நேர்த்தி வைத்ததில்லை.

போன மாதம் மாரியம்மன் திருவிழா. அன்னதானத்தில் சோறு மிஞ்சிவிட்டது. சாமி சோற்றைக் குப்பையில் கொட்டலாமா? லயமே அண்டாவைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளத்தில் கவிழ்த்துவிட்டது. மீனும் அம்மன் பிள்ளைதானே. இரண்டு நாள் கழித்து, விடியற்காலை, ராஜேஸ்வரி என் கதவை உடைக்காத குறை.

"சார்! மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குதுங்க!"

"பசியாக்கும்" என்றேன், போர்வைக்குள்ளிருந்து.

"விருந்து சாப்புட்டதுங்களுக்கா?"

இடுப்பில் கட்டிய சாரத்தோடு ஓடினேன். குளம் புளித்து நாறியது. நீர் முழுக்க வட்ட வட்ட வாய்கள். சோறு அழுகி, நீரிலிருந்த ஒட்சிசனைத் தின்றுவிட்டது. வகுப்பென்றால் கரும்பலகையில் படம் கீறி விளக்கியிருப்பேன். அன்று கரையில் நின்று, "ஐயோ, முடிஞ்சுது, எல்லாம் முடிஞ்சுது" என்று கத்தியதுதான் என் விஞ்ஞானம்.

"கத்துறத விட்டுட்டு என்னா செய்யணும்னு சொல்லுங்க சார்!" ராஜேஸ்வரியின் குரல் உடைந்திருந்தது.

"காத்து வேணும்! தண்ணியை அள்ளி உயரத்தில இருந்து திருப்பி ஊத்துங்கோ!"

காலையில் பேர் பதிந்து மலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்பிய பெண்கள், கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வாளியோடு இறங்கினார்கள். நானும் இறங்கினேன், வழுக்கி விழுந்ததை இறங்கியதாகவே வைத்துக்கொள்வோம். ஆட்களைத் தேடி மேற்பார்வைக்காரரான கண்டாக்கு வந்தார்.

"என்னம்மா, கொளத்தக் குளிப்பாட்டுறீங்களா?"

"மீனுக்கு மூச்சு குடுக்குறோங்க ஐயா. நீங்களும் ஒரு வாளி எடுங்க" என்றார் ராஜேஸ்வரி.

அவர் வாளி எடுக்கவில்லை; அன்றைய கூலிக்கான பேரையும் வெட்டவில்லை.

மதியத்துக்குள் பாதி மீன் வெள்ளை வயிற்றோடு மிதந்தது. மீதி மெல்லக் கீழே இறங்கியது. "பாதி இருக்குல்ல சார்" என்றார் ராஜேஸ்வரி, மிதந்ததைப் பார்க்காமல். "இன்னுங் கொஞ்ச நாளு மலையேறுனா என்னா, தேஞ்சா போயிருவேன்?" ஏற்கெனவே தேய்ந்த காலைத் தடவிக்கொண்டுதான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, நான்கூட.

பின்னேரம் வரை முறைவைத்து ஊற்றினோம். என் முறையில் அண்ணன் ஊரிலிருந்து அழைத்தார். இன்னும் கடலுக்குப் போகிறவர். "டேய், கன நாளைக்குப் பிறகு வலை தாங்கேல்லையடா! படகு நிறைய மீன்!"

சந்தோசம்தான்; கண்கூடக் கலங்கியது. "நல்லது அண்ணை, நல்லது" என்று இடது கையால் போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். வலது கை குளத்து நீரை அள்ளி, தோளுக்கு மேலே உயர்த்தி, ஊற்றிக்கொண்டிருந்தது.