மாமா சொன்னதும் தண்ணி சொன்னதும்

தேவராஜ் போய்விட்டான் என்ற செய்தி உங்களில் பலருக்கு போனில் வந்திருக்கும். எனக்கு அது கயிறு வழியாக வந்தது. ஏரிக்கரையில் நின்று கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். மறுமுனை தண்ணீருக்கடியில் அவன் இடுப்பில் இருந்தது. ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன், இரண்டு என்றால் கயிறு விடு, மூன்று என்றால் தூக்கு. அவன் ஒன்று இழுத்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒன்று. அதற்குப் பிறகு கயிறு சும்மா இருந்தது. நான் ஒரு இழுப்பு இழுத்துக் கேட்டேன். பதில் இல்லை.

அவனைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். ஆனாலும் பேச்சில் என்னை ஜெயித்தவன் இந்தப் பக்கத்தில் கிடையாது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் என்னைத் தெரியாத ஆளே இல்லை. சரி, கீழ்புத்துப்பட்டு வரைக்கும். இப்படிப் பாதியாகக் குறைத்துக்கொள்வது அவன் எனக்கு ஏற்படுத்திய பழக்கம்.

எங்கள் ஏரி, இரும்பை ஊருக்குப் பக்கத்துச் செம்மண் மேட்டுக்குக் கீழே இருக்கிறது. அதன் மூலையில் மண் எடுத்த பள்ளம் ஒன்று உண்டு, முப்பது அடி ஆழம். இதில் குறைக்க ஒன்றுமில்லை, அளந்தவன் தேவராஜ். கடல் பொங்குகிற மாதங்களில் புதுச்சேரியில் டைவிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களை அவன் இங்கேதான் கூட்டி வருவான். எக்கியார்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, முப்பத்தெட்டு வயது. நான் கரையில் கொட்டகை போட்டு அவர்களுடைய காற்று சிலிண்டர்களுக்குக் காவல் இருக்கிறவன். சொந்தம் கிடையாது, ஊரோடு சேர்ந்து அவனும் என்னை மாமா என்பான்.

காலையில் தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று அவனுக்குப் போனில் சொல்வதும் என் வேலை. அதற்கு ஒரு வெள்ளை எனாமல் தட்டு இருக்கிறது. மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் அதைக் கட்டி இறக்கவேண்டும். எந்த முடிச்சில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அன்றைய கணக்கு. முதல் நாள் நான் தட்டை இறக்கவே இல்லை. "பத்து மீட்டர், கண்ணாடி மாதிரி இருக்குது, மீன் பல்லு விளக்குறது வரைக்கும் தெரியுது" என்று சொல்லிவிட்டேன். ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். உள்ளே போய்விட்டு வந்து, முகக் கண்ணாடியைக் கழற்றி, தலையில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்தபடி என்னைப் பார்த்தான்.

"ஏன் மாமா, அந்த மீனு எந்த ஏரியில பல்லு விளக்குது?"

"காலையில இருந்துச்சுடா. நீங்க ஆறு பேரும் காலை ஆட்டிக் கலக்கிட்டீங்க."

அவன் கோபப்படவில்லை. அடுத்த நாள் ஒரு கரும்பலகையோடு வந்தான். நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'மாமா சொன்னது', மறுபக்கம் 'தண்ணி சொன்னது' என்று எழுதிக் கொட்டகையில் மாட்டினான். நான் சொல்வதை முதலில் எழுதுவான், பிறகு அவனே தட்டை இறக்கிப் பார்த்து மற்றதை எழுதுவான். எட்டு, நான்கு. ஆறு, மூன்று. ஒரு மாதம் பார்த்துவிட்டு, "கரெக்டா பாதி வருது மாமா. நீங்களும் ஒரு மெஷின்தான்" என்றான். வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. மழை பெய்கிற நாளில்கூட எதையாவது சேர்த்துச் சொல்லி அவனைச் சிரிக்க வைப்பேன்.

சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் அடியில் சேற்றை உதைத்துக் கலக்கிவிட்டு, கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் பயந்துபோன நாள் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். தேவராஜ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த இருட்டில் அசையாமல் இருந்தான். மேலே வந்ததும் அவள் அழுதாள். அவன் சொன்னான்: "கலங்கினா காத்திரும்மா. தண்ணிக்கு அவசரமே கிடையாது, அவசரமெல்லாம் நமக்குத்தான்." நான் அதை எல்லோரிடமும் அரை மணி நேரம் பிடித்திருந்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "அஞ்சு நிமிஷம் மாமா" என்றான். "கேக்கிறவனுக்கு அரை மணி நேரம்தான்டா நல்லா இருக்கும்" என்றேன்.

அப்படிப்பட்டவன் காத்திருக்காமல் போன நாளைச் சொல்லவேண்டும்.

உப்பளத்தில் வேலை முடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரிக்கு வருவார்கள். உப்புத் தண்ணீரில் வாரமெல்லாம் நின்ற காலில் வெடிப்பும் புண்ணும் இருக்கும், நல்ல தண்ணீரில் ஊறினால்தான் எரிச்சல் அடங்கும். அப்படி வந்த ஏழுமலை என்பவர் பள்ளத்துப் பக்கம் சறுக்கி உள்ளே போய்விட்டார். முந்தின நாள் பெய்த மழையில் மேட்டுச் செம்மண் முழுக்க ஏரியில் இறங்கியிருந்தது. தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். தேவராஜ் அன்றைக்குச் சிலிண்டர் எடுத்துப் போகத்தான் வந்திருந்தான். ஏழுமலையின் மனைவி அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, இப்பத்தாண்ணா போனாரு, இறங்குண்ணா" என்றாள். அவன் சிலிண்டரை மாட்டத் தொடங்கினான்.

நான் ஓடிப்போய்த் தட்டை இறக்கினேன். முதல் முடிச்சு நனையவில்லை. ஒரு முழம் இறங்குவதற்குள் தட்டு போய்விட்டது. இன்னொன்றும் எனக்குத் தெரியும். பத்து நாளுக்கு முன்பு கரையைச் சுத்தம் செய்தவர்கள், வெட்டிய கருவேல முள்ளையெல்லாம் அந்தப் பள்ளத்தில் தள்ளினார்கள். அதற்குப் பிறகு தேவராஜ் அங்கே இறங்கவில்லை. நான் நின்று எண்ணினேன். நான்கு டிராக்டர் லோடு.

"தேவா, ஒரு முழம் கூடத் தெரியலடா. உள்ள நாலு லோடு முள்ளு கிடக்குது. வேணாம், வண்டி வந்துடும்."

அவன் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே சிரித்தான். "நாலுன்னா ரெண்டு லோடு. நல்லதுக்குப் பாதின்னா கெட்டதுக்கும் பாதிதான மாமா?"

"இல்லடா, இது நெசம்."

"போன வருஷம் முதலை இருக்குதுன்னீங்களே, அதுவும் நெசம்தான்." கயிற்றை என் கையில் கொடுத்தான். "மேலதான் சிவப்பு. கீழ தெளிஞ்சிருக்கும். பிடிங்க."

நான் அவன் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். தட்டைக் கொண்டுவந்து அவன் முகத்துக்கு நேரே, நீயே இறக்கிப் பாருடா என்று சொல்லியிருக்கலாம். தினமும் தானே இறக்கிப் பார்க்கிறவன் அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை. ஏழுமலையின் மனைவி அழுதுகொண்டிருந்தாள், அவனுக்கு நேரமில்லை. நான் என்ன சொல்வேன், அதில் எவ்வளவு கழிக்கவேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அந்தக் கணக்கை நம்பி இறங்கினான்.

கயிறு நின்றதும் நான் இழுத்தேன். எதிலோ மாட்டியிருந்தது. ஐந்து பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. இந்த ஐந்தைக் குறைக்கவேண்டாம், ஐந்து பேர்தான். தீயணைப்பு வீரர்கள் வந்து, முள்ளை அறுத்து அறுத்து, சாயங்காலம் அவனை எடுத்தார்கள். ஏழுமலையின் உடலை அதற்கு முன்பே இருபதடி தள்ளி, முள் இல்லாத இடத்தில் எடுத்துவிட்டார்கள்.

எக்கியார்குப்பத்தில் அவன் பாடையை எடுக்கும்போது ஊரே திரண்டிருந்தது. எத்தனை பேர் என்று என்னால் சொல்லமுடியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக எண்ணிக்கை வாயில் வரவில்லை. அவன் மனைவி செல்வி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"கூட நின்னீங்களே மாமா. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லலையா?"

"சொன்னேம்மா. முள்ளு இருக்குது, ஒண்ணும் தெரியலன்னு சொன்னேன்."

"நீங்க சொன்னா அவரு எப்படி மாமா நம்புவாரு?" என்றாள். திட்டுகிற குரல் இல்லை. அவன் என்னைக் கிண்டல் செய்வதை வீட்டில் தினமும் கேட்டுச் சிரித்தவள், தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னாள். தூங்கினாலும் விழித்தாலும் அந்த நான்கு லோடு முள் என் தொண்டையில்தான் கிடக்கிறது.

கருமாதி முடிந்து, அவன் வேலை பார்த்த டைவிங் பள்ளியிலிருந்து வந்து சிலிண்டர்களை எடுத்துப் போய்விட்டார்கள். இனி எங்கள் ஏரிக்கு வருவதாக இல்லை. தட்டும் பலகையும் வேண்டுமா என்று கேட்டேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த இரண்டும்தான். போன் செய்து கேட்க யாரும் இல்லையென்றாலும் காலையில் தட்டை இறக்குகிறேன். செம்மண் மெல்ல மெல்லப் படிகிறது. அவன் சொன்னதுபோல, தண்ணீருக்கு அவசரமே இல்லை.

இன்று காலை தட்டு மூன்றாவது முடிச்சில் மறைந்தது. 'மாமா சொன்னது' பக்கம் மூன்று என்று எழுதினேன். 'தண்ணி சொன்னது' பக்கமும் மூன்று என்று எழுதினேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் யாராவது சிரிக்கிறார்களா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.