காலண்டரில் நான்கு விரல்கள்

என் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய காலண்டர் தொங்குகிறது. தாள்களெல்லாம் போய் அட்டை மட்டும் மிச்சம். அதில் வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, எச்சில் இலைக் கூடையைப் பிடித்திருப்பவன் நான். கீழே ‘பணிவிடை செய்யவே வந்தோம்’ என்ற வாசகமும் என் கைங்கரியம்தான்.

சிவகாசியில் அச்சகம் நடத்திவந்த எனக்கு அப்போது எங்கள் சர்ச்சின் சபைச் செயலாளர் பதவிமேல் தீராத ஆசை. தலைக்கனம் பிடித்தவன் என்றும் சபையில் பேச்சு இருந்தது. தேர்தலுக்கு முன்பாக அசனப் பண்டிகை வந்தது. சபையார் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. பரிமாற ஆட்கள் முண்டியடிப்பார்கள். இலை எடுக்க ஒருவர்தான், என் அச்சகத்துப் போர்மேன். மை ஏறிய நகங்களோடு இலைகளை அள்ளிப் போட்டபடி ஏதோ ஒரு கீர்த்தனையை முணுமுணுப்பார். அம்புட்டு சந்தோஷமாக அவரை வேறெந்த நாளிலும் நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் முதல் பந்தி எழுந்ததும் நான் போய்க் கூடையைப் பிடித்தேன். அவர் உடனே விடவில்லை. ஆளுக்கொரு பக்கமாக நின்ற அந்த நொடியில், நான் சொல்லிவைத்திருந்த போட்டோக்காரர் படம் எடுத்துவிட்டார். பிறகுதான் போர்மேன் கையை எடுத்தார். போகும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“யாரும் போட்டிக்கு வராத எடம்னுதான் மொதலாளி இங்கன நின்னேன். இங்கனயும் வந்துட்டீக.”

தேர்தலில் ஜெயித்தேன். சபைக் காலண்டருக்கு அந்தப் படத்தையே கொடுத்து, அவரை வெட்டிவிடச் சொன்னேன். அத்தனை காலண்டரையும் தன் மெஷினில் ஓட்டிக் கொடுத்தவர் அவர்தான். அடுத்த அசனத்தில் சாப்பிட்டதும் எழுந்து போய்விட்டார். பின்னர் வேலையை விட்டுத் தாயில்பட்டியில் மகள் வீட்டோடு போனார். போய்ப் பார்க்க எனக்கு வெட்கம். போன வருடம் அடக்கத்துக்குத்தான் போனேன்.

இப்போது பதவி இல்லை, மனைவி இல்லை, வாசலில் வண்டி நிற்பதில்லை. இந்த வருட அசனத்தில் நானாகவே கூடையை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. முதல் இலைக்குக் குனிந்ததும் என் தலை தானாகத் திரும்பி, யார் பார்க்கிறார்கள் என்று தேடியது. கூசிப்போனேன். கடைசிப் பந்திவரை எடுத்தும் வாயில் ஒரு பாட்டு வரவில்லை.

வீட்டுக்கு வந்து காலண்டர் முன்னால் நின்றேன். அவரை வெட்டச் சொன்னேனே தவிர, கூடையின் மறுவிளிம்பைப் பிடித்த நான்கு விரல்களை வெட்ட முடிந்திருக்கவில்லை. வெட்டினால் கூடையும் போய்விடும். மை ஏறிய அந்த விரல்கள் இன்னும் கூடையை விடவில்லை.