வால் இருக்கு

டெல்பினாவை மாதா கோயில் பாட்டுக் குழுவிலிருந்து இரண்டு முறை அனுப்பிவிட்டார்கள். முதல் முறை மரியாதையாக. இரண்டாவது முறை பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே. அவளுக்குச் சுருதி சேராது. எங்கள் சம்போவாங்காவில் மீன் கழுவுகிறவள்கூட நன்றாகப் பாடுவாள். அதனால் பேக்டரியில் டெல்பினாவுக்குப் பெயரே அபசுரம். கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

பன்னிரண்டு வயதில் அவளைச் சந்தையில் ஒரு முத்துக் கடையில் உட்கார வைத்தார்கள். ஒரே அளவு முத்துகளை ஒரு தட்டில் சேர்ப்பதுதான் வேலை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும் முத்துக்கு அங்கே ‘வால்’ என்று பெயர். வால் உள்ளவை தனியாக, எடைக்குப் போகும். பதினாறு வருடம் இதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடை எரிந்துபோனது. கல்யாணம் ஒன்று நடந்தது. அந்த ஆள் மணிலாவுக்குக் கப்பல் ஏறினார், அவ்வளவுதான். அதைப் பற்றி அவள் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அதன்பின் மத்தி மீனை டின்னில் அடைக்கும் எங்கள் பேக்டரிக்கு வந்தாள். இங்கே ஐந்து மாதம் வேலை, பிறகு வீட்டுக்கு. ஆறு மாதம் வைத்திருந்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்பதால் ஐந்தோடு நிறுத்திவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து ஏஜென்சி மறுபடி கூப்பிடும். டெல்பினா இப்படி ஒன்பது முறை வந்து போனவள். நாற்பது வயது ஆனவர்களை எங்கள் ஏஜென்சி எடுப்பதில்லை. அந்த மார்ச்சில் அவள் உள்ளே வந்தபோது முப்பத்தொன்பது முடிய ஆறு மாதம் இருந்தது. ஜூலைக் கடைசியில் ஒட்டப்போகும் நிரந்தரப் பட்டியலில் பெயர் வராவிட்டால் மறுபடி வர வழியில்லை. இது எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்குக் கொடுத்தது தேதி அடிக்கும் மிஷின். மூடிய டின்கள் வரிசையாக ஓடிவர, ஒவ்வொன்றின் அடியிலும் காலாவதித் தேதியை அது மையால் தெளிக்கும். அவளுக்கு அடுத்த ஆள் நான். டின்களைக் கூடையில் அடுக்குவேன்.

மிஷினைப் பார்த்துக்கொள்ளும் ரொகெலியோவிடம் முதல் நாளே கேட்டாள்.

“அண்ணே, இது எழுதுதா, துப்புதா?”

“துப்புது. ஆனா ஒழுங்காத் துப்புது. உள்ள ஒரு சின்ன வில்லை நடுங்கிட்டே இருக்கு. அந்த நடுக்கம் சத்தந்தான், நம்ம காதுக்கு எட்டாது. மை நூல் மாதிரி வெளிய வருதா, சத்தம் அதைத் துளித்துளியா வெட்டிடும். எல்லாம் ஒரே அளவு. அப்புறம் ஒவ்வொரு துளிக்கும் கொஞ்சம் கரண்ட் ஏத்தி, விழ வேண்டிய இடத்துக்கு வளைச்சு விடும்.”

“அப்ப பாடுதுன்னு சொல்லுங்க.”

“ஆமா. யாருக்கும் கேக்காம பாடுது. நீயும் கத்துக்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டெல்பினாவும் சிரித்தாள்.

மை வரும் முனைக்கு ஒரு மூடி உண்டு. உள்ளே மினுக்கு விளக்கும் ஒரு பூதக்கண்ணாடியும் இருக்கும். விளக்கு மினுக்கும் வேகத்தில், ஓடுகிற துளிகள் அப்படியே நிற்பதுபோலத் தெரியும். அந்த மூடியை ரொகெலியோ மட்டுமே திறக்கலாம். அவர் சாப்பிடப் போன நேரத்தில் டெல்பினா திறந்து பார்ப்பாள். ஒரு நாள் என்னையும் பார்க்கச் சொன்னாள். கறுப்பு மணிகள் வரிசையாக நின்றன. “எடைக்குப் போறது ஒண்ணுகூட இல்ல பாரு,” என்று என் காதருகே கத்தினாள்.

மூன்று மாதத் தடைக்காலம் முடிந்து மீன் வந்த முதல் வாரம் அது. சும்மா கிடந்த மை கெட்டிப்பட்டிருந்ததால் ரொகெலியோ சத்தத்தைக் கூட்டி வைத்து ஓட்டியிருந்தார். வியாழக்கிழமை காலை புது மை ஊற்றினார்கள். பதினோரு மணிக்கு அவர் சாப்பிடப் போனார். டெல்பினா மூடியைத் திறந்தாள், மூடவில்லை. ஒரு டின்னை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து ஆள்காட்டி விரலை நீட்டி இரண்டு முறை ஆட்டினாள்.

லைன் ஓடும்போது எங்கள் கூடத்தில் பேச்சு காதில் விழாது. எல்லாம் கையால்தான். விரலை ஆட்டினால் வால் என்று அர்த்தம், அதாவது மீனின் வாலை வெட்டாமல் டின்னில் வைத்துவிட்டார்கள் என்று. நான் பார்த்ததை அப்படியே மேலே, மீன் வரும் பக்கத்துக்கு, கடத்தினேன். டெல்பினாவுக்கு அப்பால் நின்றவள் அடுத்தவளுக்குக் கடத்தினாள். மீன் அடுக்கும் மேஜைக்குப் போனதும் சூப்பர்வைசர் கோர்டெஸ் மேடம் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார். லைன் நின்றது.

பன்னிரண்டு டின்களை அங்கேயே வெட்டினார்கள். வால் இல்லை.

“எங்கடி வால்? காட்டு!” மீன் அடுக்கும் நூரினா கத்தியோடு வந்தாள். “என் மேஜையில இருந்து வாலோட ஒண்ணு போயிருந்தா நான் இந்தத் தொப்பியைத் தின்னுடறேன்.”

“யாரு சொன்னது?” என்றார் மேடம்.

எல்லாத் தலைகளும் லைனின் கீழ்ப்பக்கமாகத் திரும்பி என்னிடம் நின்றன. மேஜையில் மூன்று பேர். லைன் நின்றதற்கு ஆளுக்கொரு சிவப்புக் குறி விழும். டெல்பினா பேசாமல் இருந்திருந்தால் அது அவர்கள் தலையோடு போயிருக்கும்.

“மேடம், மீன்ல இல்ல. மையில,” என்றாள் அவள்.

“மையில வாலா? காலையில என்ன குடிச்சே?”

டெல்பினா டின்னை நீட்டினாள். “இந்த மாசத்தைப் படிங்க.”

“எட்டு.”

“மூணு, மேடம். துளி பின்னாடி ஒரு குட்டித் துளி ஒட்டிட்டு வருது. அது தப்பான இடத்துல விழுந்து மூணை மூடிடுது.”

நூரினா எட்டிப் பார்த்தாள். “அடியே, மத்திக்கு அஞ்சு மாசம் கூடக் குடுத்திருச்சுடி மிஷின்! நமக்குத்தான் ஒரு மாசம் குடுக்க மாட்டேங்கறாங்க.”

மேடம் சிரிக்கவில்லை. “குட்டித் துளி உனக்கு எப்படித் தெரியும்? மூடியைத் திறந்தியா?”

“திறந்தேன்.”

“எத்தனை தடவை?”

“தினமும்.”

ரொகெலியோ வாயில் சோற்றோடு ஓடிவந்து கண்ணாடியில் குனிந்தார். சத்தத்தை இரண்டு படி குறைத்தார். மறுபடி குனிந்தார்.

“புது மைக்கு இந்தச் சத்தம் கூடிப் போச்சு,” என்றார் நிமிர்ந்து. “அபசுரமே அபசுரத்தைப் பிடிச்சிருக்கு.”

காலையிலிருந்து அடித்த டின்களை எல்லாம் இறக்கி, துடைத்து, மறுபடி அடித்தோம். டெல்பினா வழக்கம்போல வேலை பார்த்தாள். போகும்போது, “ஜூலை வரைக்கும் இருக்க விடுவாங்களான்னு தெரியல,” என்று மட்டும் சொன்னாள். நான் தவறாகக் கடத்தியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மேடம் அன்றைய அறிக்கையில் எழுதியது ஒரே வரி: ‘டெல்பினா அரகோன் வால் இருப்பதைக் கவனித்துத் தெரிவித்தார்.’ மூடி திறந்ததை எழுதவில்லை. மறந்தாரா, விட்டாரா என்று எனக்குத் தெரியாது.

ஜூலைக் கடைசியில் சாப்பாட்டு அறைச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். நான்கு பெயர். மூன்றாவது அவளுடையது. எதிரே பிரிவு: மீன் மேஜை, வால் சோதனை. அறிக்கையை ஆபீசில் படித்தவர்கள் மத்தியின் வால் என்றே நினைத்திருக்கிறார்கள்.

ரொகெலியோவுக்குத்தான் கோபம். “நீ போய்ச் சொல்லு. என் மிஷினுக்கு வேணும்னு சொல்லு.”

“சொன்னா பேரை அடிச்சிடுவாங்க அண்ணே.”

“அங்க போய் என்ன பண்ணுவே?”

“வால் பாப்பேன்.”

இப்போது அவள் கழுத்தில் நிரந்தரக்காரர்களின் நீல அட்டை தொங்குகிறது. நூரினாவுக்கு எதிரே நின்று மீனைப் புரட்டுகிறாள். மிஷினில் வேறொரு பெண். பதினோரு மணிக்கு டெல்பினா சாப்பாட்டுக்கு இந்த வழியாகத்தான் போவாள். நின்று, மூடியைத் திறந்து, ஒரு முறை குனிவாள். பிறகு என்னைப் பார்த்து வால் இல்லை என்று தலையை ஆட்டுவாள்.

அந்தச் சைகையை நான் மேலே கடத்துவதில்லை.